முதல் சம்பளம் வந்த பிறகும் பயம் ஏன் போகவில்லை?

படித்து முடிக்கும்வரை ஒரு பயம்: வேலை கிடைக்குமா? வேலை கிடைத்த பிறகு இன்னொரு பயம்: இந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டாவது பயத்தைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. ‘பிள்ளை வேலைக்குப் போகுது’ என்ற நிம்மதியில் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லாமல் பிள்ளையும் வாயை மூடிக்கொள்கிறது. மாதக் கடைசியில் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கவே கை தயங்குகிறது. ஐந்து வருடம் கழித்து நான் எங்கே இருப்பேன், வீடு வாங்க முடியுமா, கல்யாணம் செய்ய முடியுமா என்ற கேள்விகள் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வரிசையாக வந்து நிற்கின்றன.

இதை மனப்பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘அந்தக் காலத்தில் நாங்கள் இதைவிடக் குறைந்த சம்பளத்தில் குடும்பமே நடத்தினோம்’ என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. இளையோரின் இந்தப் பயத்தில் பெரும்பகுதி வெறும் கணக்குதான். அந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கு அது அதே ஆண்டு ஆகஸ்டு 1-இல் நடப்புக்கு வந்தது. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் பிடிக்கப்படும். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 12 ரிங்கிட் போகும். கையில் வருவது 1,501 ரிங்கிட்.

பாரிட் புந்தாரிலிருந்தோ சுங்கை சிப்புட்டிலிருந்தோ தலைநகருக்கு வேலைக்கு வரும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அறை வாடகை 450 ரிங்கிட் என்று வையுங்கள். காலையில் நாசி லெமாக்கும் ஒரு தேநீரும், மதியம் கலவைச் சோறு, இரவில் மாமாக் கடையில் ரொட்டி சானாய் என்று ஒரு நாளைக்கு 20 ரிங்கிட்; மாதத்துக்கு 600. ரயிலுக்கும் பேருந்துக்கும் மை50 அட்டை 50. கைப்பேசி 40. வீட்டுக்கு அம்மாவிடம் கொடுப்பது 200. சவர்க்காரம், துணி துவைக்கும் கடை, சில்லறைச் செலவு 60. மொத்தம் 1,400. பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு மாதம் 100 ரிங்கிட் கட்டினால் கையில் நிற்பது 1 ரிங்கிட்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தவருக்கு வாடகை இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. பட்டதாரிக்குச் சம்பளம் இன்னும் கூடுதலாக இருக்கலாம். கல்விக் கடனும் கூடுதலாக இருக்கும். எப்படிப் போட்டாலும் மேற்கண்ட கணக்கில் பல்வலிக்கு இடமில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணத்துக்கு இடமில்லை. புதிய அறைக்கு இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் கேட்டால் 1,350 ரிங்கிட். கிட்டத்தட்ட ஒரு முழுச் சம்பளம் அது. அதையும் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டும். இந்த நிலையில் இருப்பவருக்குப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

‘விலைவாசி உயர்வு குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்களே, கடையில் அப்படித் தெரியவில்லையே’ என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாட்டின் பணவீக்கம் 2022-இல் 3.3 விழுக்காடு, 2023-இல் 2.5, 2024-இல் 1.8. எண் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் இறங்கியது விலை ஏறும் வேகம்தான், விலை இறங்கவில்லை. 2021-இல் 100 ரிங்கிட்டுக்கு வாங்கிய சாமான்கள், இந்த மூன்று ஆண்டுகளையும் அடுக்கிப் பார்த்தால், 2024-இல் ஏறக்குறைய 107 ரிங்கிட் 80 காசு. அதுவும் எல்லாப் பொருள்களையும் கலந்த சராசரி. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுப்பவருக்கு, குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் மலிந்ததால் என்ன லாபம்? உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை.

தேநீர் அல்ல, கார்

சிக்கனம் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் முதலில் கை வைப்பது இளையோரின் பானத்தில்தான். ‘தினமும் தே தாரேக், வாரத்துக்கு ஒரு முறை பபிள் டீ, அப்புறம் காசு எப்படித் தங்கும்?’ என்பார்கள். ஒரு தேநீர் 2 ரிங்கிட் 50 காசு என்றால் மாதத்துக்கு 75 ரிங்கிட். சிறிய தொகை அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நண்பர்களோடு உட்காரும் அந்த அரை மணி நேரத்தையும் பறித்துவிட்டு ஓர் இருபத்திரண்டு வயதுக்காரரைச் சேமிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையில் இளையோரின் கையைக் கட்டிப்போடுவது ஒரே ஒரு கையெழுத்து. அது பெரும்பாலும் கார்க் கடனில் போடப்படுகிறது.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ‘இன்னும் கார் எடுக்கலையா?’ என்ற கேள்வி வந்துவிடும். 40,000 ரிங்கிட் கடன், 3.5 விழுக்காடு வட்டி, ஒன்பது ஆண்டு என்று வையுங்கள். கேட்க வட்டி குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் கார்க் கடன்கள் நெடுங்காலமாக விற்கப்பட்ட நிலைவட்டி முறையில், வட்டி முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கணக்கிடப்படும். ஆண்டுக்கு 1,400 ரிங்கிட், ஒன்பது ஆண்டுக்கு 12,600. எட்டு ஆண்டு கட்டி முடித்து, பாக்கி சில ஆயிரங்களே இருக்கும்போதும் அந்தக் கடைசி ஆண்டின் வட்டி 40,000-க்குத்தான் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 6.3 விழுக்காடு. மாதத் தவணை 487 ரிங்கிட். பெட்ரோல், டோல், கார் நிறுத்துமிடம், காப்புறுதி, சாலை வரி, டயர் எல்லாம் தனி.

இதைத் தேநீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவணை மட்டுமே மாதத்துக்கு ஆறரைத் தேநீர்க் கணக்குக்குச் சமம். ஒன்பது ஆண்டு என்பதையும் கவனியுங்கள்: இருபத்து மூன்று வயதில் போட்ட கையெழுத்து முப்பத்திரண்டு வயதுவரை கூடவே வரும். இடையில் வேலை மாறலாம், மேற்படிப்புக்குப் போகலாம், வேலையே போகலாம். தவணை மட்டும் மாறாது.

கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொதுப் போக்குவரத்து எட்டாத இடத்தில் வேலை, இரவு நேர வேலை, வீட்டில் நடமாட முடியாத தாத்தா பாட்டி என்று உண்மையான தேவை பலருக்கு உண்டு. கேட்க வேண்டியது வேறு கேள்வி: இந்தத் தவணை எனக்கு வேலைக்குப் போகும் வழியைத் தருகிறதா, அல்லது திருமண மண்டப வாசலில் இறங்கும்போது பெருமையைத் தருகிறதா? முன்பணத்தைக் கூட்டி, ஆண்டைக் குறைத்து, பழைய காராக எடுத்தால் மாதம் எவ்வளவு என்று விற்பவரிடமே எழுதிக் கேளுங்கள். ‘மாதம் எவ்வளவு?’ என்பதோடு ‘மொத்தம் எவ்வளவு?’ என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது எண்ணை விற்பவர்கள் தாமாகச் சொல்வது அரிது.

‘பேரு மட்டும் கொடு’

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் இது அடிக்கடி நடப்பது. ஆனால் குடும்ப விஷயம் என்று மூடி வைக்கப்படுவது.

பிள்ளைக்கு வேலை கிடைத்து, சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்குச் சேர்ந்துவிட்டால், உறவிலிருந்து ஒரு கோரிக்கை வரும். மாமாவுக்கோ அண்ணனுக்கோ வங்கியில் பெயர் கெட்டிருக்கும். ‘கார் நான்தான் ஓட்டுவேன், நான்தான் கட்டுவேன், நீ பேரு மட்டும் கொடுய்யா’ என்பார்கள். ஆரம்பத்தில் கட்டவும் செய்வார்கள். பிறகு ஒரு மாதம் தவறும். வங்கியிலிருந்து அழைப்பு யாருக்கு வரும்? போக்குவரத்துச் சம்மன் யார் பெயரில் வரும்? காரை வங்கி இழுத்துக்கொண்டுபோய் ஏலத்தில் விட்ட பிறகும் மிச்சக் கடன் இருந்தால், அது யாருடையது? வங்கிக்கு மாமாவைத் தெரியாது. கையெழுத்தைத்தான் தெரியும்.

பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் ஒருவர் கடனை எப்படிக் கட்டி வருகிறார் என்பது கடந்த 12 மாதங்களுக்கு மாத வாரியாகத் தெரியும். பிடிபிடிஎன் கடனும் அதில் வரும். நாளை நீங்கள் சொந்தமாக வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதிகாரி திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். உங்கள் பதிவை நீங்களே இசிசிஆர்ஐஎஸ் வழியாக இலவசமாகப் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தம் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள்.

மறுப்பது எளிதல்ல. மூத்தவர்களின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்ல நாம் வளர்க்கப்படவில்லை. அதனால் பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். ‘மாமா, பேருல ஏற்கெனவே பிடிபிடிஎன் கடன் இருக்கு, தங்கச்சி படிப்புக்கும் அப்பா என்னைத்தான் நம்பியிருக்காரு. கையில காசு வேணும்னா முடிஞ்சதைத் தர்றேன், கையெழுத்து மட்டும் வேண்டாம் மாமா’ என்று சொல்லிப் பாருங்கள். ஐம்பதோ நூறோ கொடுத்தால் அன்றோடு முடிந்தது. பெற்றோரும் இதில் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். உறவினர் முன்னிலையில் ‘என்னடா, மாமாதானே கேட்கிறார்’ என்று பிள்ளையை நெருக்கினால், பிள்ளையின் முப்பது வயதுவரையிலான கணக்கை நீங்கள் எழுதுகிறீர்கள் என்று பொருள்.

சம்பளச் சீட்டில் ஒளிந்திருப்பது

கையில் வராத பணம் நமதல்ல என்று நினைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதனால்தான் ‘இபிஎஃப் எல்லாம் வேண்டாம், பிடித்தம் இல்லாமல் 1,700-ஐயும் கையிலேயே தந்துவிடுகிறேன்’ என்று ஒரு முதலாளி சொன்னால் இனிக்கிறது. கணக்கைப் பாருங்கள். உங்கள் 187 ரிங்கிட்டோடு முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் போட வேண்டும். இது அவருக்குச் சட்டப்படியான கடமை. உங்களோடு பேரம் பேசி விட்டுவிடக்கூடியது அல்ல. அந்த ‘சலுகை’யால் ஆண்டுக்கு 2,652 ரிங்கிட்டை நீங்கள் இழக்கிறீர்கள்.

இபிஎஃப்-இல் மாதம் சேரும் 408 ரிங்கிட், 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. 75 விழுக்காடு பணி ஓய்வுக்கு, 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு, 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு. அந்தப் பத்து விழுக்காடு மாதத்துக்கு 40 ரிங்கிட் 80 காசு. சேர்ந்த உடனே எடுத்துச் செலவழிப்பவர்கள் பலர். எடுக்காமல் விட்டால் ஓராண்டில் ஏறக்குறைய 490 ரிங்கிட், இரண்டாண்டில் ஆயிரத்தை நெருங்கும். மற்ற கணக்குகளுக்குக் கிடைக்கும் அதே இலாப ஈவு இதற்கும் உண்டு. 2024-ஆம் ஆண்டுக்கான வழக்கமான சேமிப்பின் ஈவு 6.30 விழுக்காடு. சம்பளத்தில் மிச்சமே பிடிக்க முடியாதவருக்கும் ஓர் அவசர நிதி அங்கே சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன பல்வலிக்கு அதுதான் இடம்.

‘வேலை போய்விட்டால்?’ என்ற பயத்துக்கும் சீட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்தச் சில காசுகள் பிடிக்கப்படும் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இல் தொடங்கியது. ஆட்குறைப்பில் வேலை இழந்தால், போதிய மாதங்கள் சந்தா கட்டியிருந்தால், வேலை தேடும் காலத்துக்குச் சொக்சோ உதவித்தொகை தரும். முதல் மாதம் காப்புறுதிக்குரிய சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 40, 30, 30. விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம். தாமாக விலகியவர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தாது. கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள். ‘நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ’ என்று நிர்வாகம் சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள். சொக்சோ இன்னொன்றையும் செய்கிறது: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் அது பாதுகாப்புத் தருகிறது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமா?

கடன்களில் எதற்குப் பயப்படுவது?

பிடிபிடிஎன் கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போடுபவர்களை எனக்குத் தெரியும். இருக்கும் கடன்களிலேயே மலிவானது அதுதான்: ஆண்டுக்கு 1 விழுக்காடு. 20,000 ரிங்கிட் கடனுக்கு ஆண்டுக்கு 200 ரிங்கிட். தவணை சம்பளத்துக்கு மீறியதாக இருந்தால் அலுவலகத்துக்குப் போய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். கட்டாமலும் பேசாமலும் இருப்பதுதான் ஆபத்து.

கடன் அட்டையின் வட்டி 15 முதல் 18 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் அசையாது. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று கைப்பேசிச் செயலிகள் தரும் தவணைகள் தனித்தனியாகப் பார்க்கச் சிறியவை. நான்கைந்து சேர்ந்தால் ஓர் அறை வாடகை. கையில் கூடுதலாக ஐம்பது ரிங்கிட் கிடைத்தால் அது முதலில் போக வேண்டியது இவற்றுக்குத்தான். நிலைமை கைமீறிவிட்டால் பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே இருக்கிறது. அங்கே ஆலோசனை இலவசம். வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைத்தும் தருவார்கள். காசு வாங்கிக்கொண்டு ‘கடனை முடித்துத் தருகிறோம்’ என்று முகநூலில் விளம்பரம் செய்பவர்களிடமும், வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் வட்டி முதலைகளிடமும் போக வேண்டிய அவசியமே இல்லை.

எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முதல் பெரிய பணமுடிவு கார் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பு. படிவம் 6-ம் மெட்ரிகுலேஷனும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மிக மலிவான வழிகள். பாலிடெக்னிக்கிலும் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் கைத்தொழில் கற்றுச் சான்றிதழோடு வெளியே வரலாம். கல்விக் கண்காட்சியில் ‘முழுக் கடன் கிடைக்கும், கையிலிருந்து ஒன்றும் கட்ட வேண்டாம்’ என்று ஒரு தனியார் கல்லூரி சொன்னால், அந்தக் கடன் யார் பெயரில் என்று கேளுங்கள். இதே துறையில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

கணக்குக்கு அடங்காதது

எல்லாக் கணக்கையும் போட்ட பிறகும் அந்த 1 ரிங்கிட் 1 ரிங்கிட்டாகவே இருக்கலாம். இரவுச் சாப்பாட்டை அறையில் சமைத்தால் மாதம் நூறோ நூற்றைம்பதோ மிஞ்சும். அறையைப் பகிர்ந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் வெட்ட ஒன்றுமில்லை. வருமானம்தான் கூட வேண்டும். அது உங்கள் ஊதாரித்தனத்தால் வந்த நிலை அல்ல. மாலை வகுப்பில் ஒரு சான்றிதழ், இருக்கும் வேலையிலேயே அடுத்த படிநிலை, அல்லது இரண்டாண்டு அனுபவத்தோடு வேறு நிறுவனம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் ஒரு மாதத்தில் நடப்பதில்லை.

அதுவரை மனம் தாங்க வேண்டுமே. வீட்டில் ஒருவரிடமாவது உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். ‘அம்மா, இந்த மாசம் 200 முடியல, 100 தர்றேன்’ என்று சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் உடைந்துபோக மாட்டார்கள். பிள்ளை எதையோ மறைக்கிறது என்று அவர்கள் முன்பே கவனித்திருப்பார்கள். கூடப் படித்தவர் இன்ஸ்டாகிராமில் போடும் புதுக் கார்ப் படத்தில் அந்த ஒன்பது ஆண்டுத் தவணை தெரிவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலைக்குக் கிளம்பவே முடியாத அளவுக்கு வாரக்கணக்கில் நீடித்தால் அது கணக்கைத் தாண்டிய விஷயம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கும் போகலாம். காய்ச்சலுக்குப் போவதைப் போலவே பதிந்துகொண்டு மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவர் மனநல நிபுணரிடம் அனுப்புவார். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். போகும்போது மைகார்டை எடுத்துக்கொண்டு போங்கள்.